அரசுத் தொடக்கப் பள்ளிக்குக் கலை ஆசிரியர்: ஏன், எப்படிக் கேட்பது?

"வகுப்பாசிரியரே ஓவியமும் பாட்டும் சொல்லித் தருகிறார், தனியாக ஒருவர் எதற்கு? வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது?" என்பது கேள்வி.

முதலில் பாட்டு. 6, 7 வயதுக் குழந்தைகளுக்கு நடு ஸ்தாயியில் (ச முதல் மேல் ச வரை உள்ள சுர வரிசை ஒரு ஸ்தாயி) ஏறக்குறைய 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரைதான் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) சிரமமில்லாமல் வரும். ஆண் ஆசிரியர் தன் குரலில் பாடும்போது அது ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். குழந்தைகள் அதைப் பிடிக்கத் தொண்டையை அழுத்தி உறுமுவார்கள். பயிற்சி பெற்றவர் அவர்கள் எட்டும் சுரத்தை வாத்தியத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஓவியத்திலும் அப்படித்தான். 7 வயதுக் குழந்தை காகிதத்தின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு, வீடு, மரம், அம்மா எல்லாவற்றையும் அதன்மேல் நிற்க வைக்கும். அது பிழையல்ல, வளர்ச்சிப் படி. 9 வயதுக்கு மேல்தான் "நான் போட்டது நிஜம் மாதிரி இல்லையே" என்ற எண்ணம் வரும். ஒரு பொருள் இன்னொன்றை எப்படி மறைக்கிறது என்று அப்போது காட்டித் தர ஆள் வேண்டும். கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே சூரியன் என்று போட்டு 'பார்த்து வரையுங்கள்' என்றால், பல பிள்ளைகள் எனக்கு வரையவே வராது என்று பென்சிலை வைத்துவிடுவார்கள்.

மனு எழுதும்போது பலர் சறுக்குவது ஓரிடத்தில்: 'ஓவியம் கற்றால் கணக்கில் மதிப்பெண் ஏறும்' என்று எழுதுவது. ஹார்வர்டில் எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியிட்ட முடிவு இதை ஆதரிக்கவில்லை. வகுப்பறை நாடகம் மொழித் திறனை வளர்க்கிறது என்பதற்கு அதில் நல்ல சான்று உண்டு. அதைத் தாராளமாக எழுதலாம். மற்றபடி, கலை குழந்தையின் உரிமை என்றே வாதாடுங்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

பிறகு பாடவேளைக் கணக்கு. 12 வகுப்புப் பிரிவுகள், பிரிவுக்கு வாரம் 2 பாடவேளை என்றால் 24 பாடவேளை. பாடவேளை 40 நிமிடம் என்றால் 16 மணி நேரம் வகுப்பு. வண்ணம் கரைக்க, களிமண் பிசைய, தூரிகை கழுவ ஆகும் நேரம் தனி. ஒரு முழுநேரப் பணியிடத்துக்கு இது தாராளமாகப் போதும். 6 பிரிவுதான் என்றால் பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒருவரைக் கேளுங்கள். ஆனால் நாள் கணக்கில் பிரியுங்கள். தினமும் காலையில் ஒரு பள்ளி, மாலையில் ஒரு பள்ளி என்றால் அலைச்சலிலேயே நேரம் போய்விடும்.

மனுவைத் தலைமையாசிரியரிடம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. பணியிடம் உருவாக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. நிதி ஒதுக்கும் அலுவலகத்துக்கு, வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே போய்ச் சேர வேண்டும். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

தகுதியைத் தெளிவாக எழுதுங்கள்: கலையில் பயிற்சியும் வேண்டும், சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியும் வேண்டும். அருமையான பாடகர்கூட 35 பிள்ளைகள் முன் திணறலாம். ஆண்டு விழாவுக்கு 2 மாதம் ஆள் அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கலை ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பதையும் மனுவிலேயே சேருங்கள். நியமனம் ஆன பிறகு, தேர்வு மாதத்தில் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள்; கலைப் பாடவேளை முதலில் காணாமல் போவது அப்போதுதான்.