சிப்பி எந்த வயதில் சினையாகும்? கேள்வி பதில்

கயிற்றில் பச்சைச் சிப்பி வளர்க்கிறோம். ஓர் அங்குலக் குஞ்சைத் திறந்தால் சதை செங்கல் நிறத்தில் இருக்கிறது. நோயா, ஐயா?

நோயில்லை, சினை. சினை முற்றும்போது பெண்ணின் சதை செங்கல் நிறமாகும், ஆணுக்குப் பால்வெள்ளை. பச்சைச் சிப்பி 15 முதல் 30 மி.மீ. நீளத்திலேயே, இரண்டு மூன்று மாத வயதில், பருவமடைந்துவிடும். தீனி செழிப்பான நீரில் வேகமாக வளர்வது முந்திக்கொள்ளும்.

அப்படியானால் சிறியதிலேயே பாறையிலிருந்து எடுத்துவிடலாமே? ஒரு முறை முட்டையிட்டிருக்குமே.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீளம் இரு மடங்கானால் உடலின் கொள்ளளவு ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. சினையும் அதற்கேற்பப் பெருகுகிறது. குஞ்சுச் சிப்பியின் முதல் சினை மிகச் சொற்பம். முட்டையும் விந்தும் நீரில் கலந்துதான் கருக்கூடுகின்றன. பிறகு இரண்டு மூன்று வாரம் மிதந்து திரியும் இளவுயிரிகளில் பெரும்பாலானவை பிறவற்றுக்கு இரையாகும். முட்டை ஏராளமாக இருந்தால்தான் சில பாறைக்கு வந்து சேரும்.

கழிமுகத்தில் வாழும் இன்னொரு சிப்பி வகையான ஆளியில் சிக்கல் இன்னும் பெரிது. அது முதலில் பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. முத்துச்சிப்பியும் அப்படித்தான். சிறியவற்றை அள்ளினால் நாளைய பெண்கள் போய்விடும். பெரியவற்றை மட்டுமே அள்ளினால் இன்றைய பெண்கள் போய்விடும். ஆகவே அளவு பார்த்து எடுப்பது மட்டும் போதாது, சில பாறைகளைத் தொடாமலே விட வேண்டும் என்பேன்.

ஓடு பெரிதாக இருக்கிறது, சதையோ நீர்த்துக் கிடக்கிறது. ஏன்?

முட்டையோ விந்தோ விட்டு ஓய்ந்திருக்கிறது. சேமித்த சத்தெல்லாம் சினைக்குப் போய்விட்டது. சில வாரம் பொறுத்து அறுவடை செய்யுங்கள்.

சினையே பிடிக்காமல் வளர்க்க முடியுமா? (மீன்வளக் கல்லூரி மாணவி)

முடியும். அமெரிக்காவிலும் பிரான்சிலும் வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று நிறப்புரித் (குரோமோசோம்) தொகுதி கொண்ட ஆளியைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அது பெரும்பாலும் மலடு. சினைக்குச் செலவாகும் சத்து சதைக்கே போவதால் முட்டையிடும் காலத்திலும் கொழுத்திருக்கும். ஆனால் விதைக் குஞ்சுகளை ஒவ்வொரு முறையும் குஞ்சு பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும்.

ஓட்டின் வளையங்களை எண்ணி வயது சொல்லலாமா?

குளிர்க்கடல்களில் சொல்லலாம். 2006-இல் ஐஸ்லாந்து அருகே எடுத்த ஒரு சிப்பிக்கு 507 வயது என்று ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணித்தான் கண்டார்கள். நம் கடலில் மழைவெள்ளத்தால் உப்பு குறைந்தாலும் வளர்ச்சி தடைப்பட்டு ஓட்டில் கோடு விழலாம். முட்டையிட்ட களைப்பிலும் விழலாம். ஆண்டுக்கு ஒன்று என்று கொள்ள முடியாது. சில சிப்பிகளின் ஓட்டில் எண் எழுதி மாதந்தோறும் அளந்து பாருங்கள்.