எடை குறைப்பு மாத்திரைக்கு வயது வரம்பு: பெற்றோர் பார்த்துக்கொண்டால் போதாதா?

நியூயார்க்கில் 18 வயது ஆகாதவர்களுக்கு எடை குறைப்பு மாத்திரை விற்கக் கூடாதாமே, இதற்கெல்லாம் சட்டமா, பெற்றோர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள் என்று நினைக்கிறேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2022-இல் என் மகளுக்கு 16 வயது. நாங்கள் இருப்பது நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில். அரங்கேற்றத்துக்கு நான்கு மாதம் இருந்தது. ராத்திரியில் தூக்கமில்லை, கை நடுங்கும், ஆடிவிட்டு உட்கார்ந்தால் படபடப்பு அடங்க அரைமணி ஆகும். மேடை பயம் என்று நினைத்துப் பாதாம் பால் காய்ச்சிக் கொடுத்தேன். ஒருநாள் சலங்கைப் பையைத் துவைக்க எடுத்தால், அடியில் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த ஒரு டப்பா. கிரீன் டீ சாறும் காஃபீனும் கலந்த மாத்திரை. பிறந்தநாளுக்கு வந்த பணத்தில் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கடையில் சில இருமல் மருந்துகளுக்கு வயது கேட்பார்கள்!

டாக்டர் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். செறிவான கிரீன் டீ சாறு சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நல்லவேளை, ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1994 சட்டப்படி இந்தச் சரக்கை விற்க, உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ-வின் முன் ஒப்புதல் தேவையில்லை என்பதையும் பிறகுதான் படித்தேன்.

நியூயார்க் தடை 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆன்லைனில் வாங்குவார்களே என்று சிலர் வருவீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போதும் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. புரோட்டீன் பவுடரையும் தடுத்துவிட்டார்கள் என்பது தவறு. எடை குறைக்கும் பொருளோ தசை வளர்க்கும் வேறு பொருளோ கலக்காதவரை விற்கலாம். ஏமாற்ற நினைப்பவர்கள் ஏமாற்றத்தான் செய்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் கவுன்டரில் ஒருவர் வயது என்ன என்று கேட்டிருந்தால் என் மகள் அப்படியே திரும்பி வந்திருப்பாள். அவளே சொன்னாள்.

சரி, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். நடன உடைக்கு அளவு எடுத்த அன்று வீடியோ காலில் அவளுடைய அத்தை, "என்னடி, பூசினாப்ல ஆயிட்டே?" என்று சிரித்தாராம். எனக்கு இன்னும் ஆறவில்லை. போன தீபாவளிக்கு அதே அத்தை, "ஏன்டி இப்படி இளைச்சுட்டே, அம்மா சோறு போடறதில்லையா?" என்று ஆரம்பித்தார். போனை வாங்கி நானே வைத்துவிட்டேன்.