சொல்லாமல் வந்த பாடகர், நெரிசலில் சிக்கிய ரசிகர்கள்: யார் மீது பொறுப்பு?

கேள்வி: நாங்கள் இருபது நண்பர்கள், ஒரு பாப் பாடகரின் தீவிர ரசிகர்கள். போன வாரம் அவர் ஒரு கடைவீதியில் திடீரென்று காரை நிறுத்தி, மேற்கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று கையசைத்தார். பத்தே நிமிடத்தில் தெரு நிரம்பி நெரிசலாகிவிட்டது. எங்களில் ஒரு பெண்ணுக்கு விலாவில் அடி. "அன்பாக வந்தவரைக் குறை சொல்லலாமா?" என்று பாதிப் பேர், "எல்லாம் அவரால்தான்" என்று மீதிப் பேர். நட்பே உடைந்துவிடும் போலிருக்கிறது. இதை எப்படி நியாயமாகப் பார்ப்பது?

பதில்: முதலில் அந்தப் பெண்ணைக் கவனியுங்கள். மூச்சு இழுக்கும்போது வலி கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, உடனே டாக்டரிடம் மறுபடி காட்டச் சொல்லுங்கள். விவாதம் காத்திருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேடைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவில் நின்று பல வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றுக்கொண்டதை முதலில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, நான்கு பேர் உள்ளே நில்லுங்கள். இடித்துக்கொண்டாலும் திரும்ப முடியும். ஐந்தாவது ஆள் வந்ததும் கையை உயர்த்திப் பாருங்கள். ஆறாவது ஆளோடு நிறுத்திவிடுங்கள். ஒருவர் சாய்ந்தால் எல்லோரும் சாய்வது அப்போது தெரியும். ஒரு தெரு முழுக்க இதே நெருக்கம் வந்துவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். எந்தப் பக்கம் போவது என்பது யார் கையிலும் இருக்காது. நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறக்கிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், முன்னால் இருப்பவர் நசுங்குவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவர் ஒரு அடி முன்னால் வைக்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு அடி நூறு பேர் வழியாக வந்து ஒருவரின் விலாவில் இறங்குகிறது. அதனால் "ரசிகர்கள் ஒழுங்காக நடந்திருக்கலாம்" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. தள்ளியவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் தள்ளுகிறோம் என்றே தெரியாது.

அப்படியானால் யாருக்குத் தெரியும்? காரின் மேல் நிற்பவருக்கு. அந்தத் தெருவில் எல்லோரையும் உயரத்திலிருந்து பார்த்தவர் அவர். எல்லோரும் யார் பேச்சைக் கேட்பார்களோ அவரும் அவரே. பொறுப்பு புகழால் வருவதில்லை. அந்த உயரமும் அந்தக் குரலும் கையில் இருந்ததால் வருகிறது. அதனால் "வந்தது தப்பா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "எப்போது பார்த்தார், பார்த்த பிறகு என்ன செய்தார்?" என்று கேளுங்கள்.

தெரிந்ததா இல்லையா என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. தி ஹூ இசைக்குழுவின் கச்சேரிக்கு அரங்கத்தின் வாசலில் காத்திருந்தவர்களில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். உள்ளே கச்சேரி நடந்து முடிந்தது. அதன் பிறகுதான் குழுவினருக்கே விஷயத்தைச் சொன்னார்கள். அவர்கள் பாடிக்கொண்டிருந்ததை வைத்து அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் பாடகரின் கதை வேறு. கூட்டம் அவர் கண் முன்னே பெருகியது.

குரலின் பலத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. 2009 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஒரு வணிக வளாகத்துக்குப் பாப் பாடகர் ஜஸ்டின் பீபர் வருவதாக இருந்தது. கூட்டம் கைமீறியதும் கலைந்து போகச் சொல்லி ட்விட்டரில் செய்தி போடுமாறு போலீஸ் கேட்டது. அதற்கு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, இசை நிறுவன அதிகாரி ஒருவரைக் கைதும் செய்தது. நூறு போலீஸ்காரர்கள் கத்திச் சொல்வதைவிட பீபர் தரப்பின் ஒரு வரி வேலை செய்யும் என்று போலீஸுக்கே தெரிந்திருந்தது, பாருங்கள்.

சரி, உங்கள் இருபது பேரும் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தை நிமிடம் நிமிடமாக எழுதுங்கள். ஒவ்வொருவரும் எங்கே நின்றார், என்ன பார்த்தார் என்பது மட்டும் போதும், கருத்து வேண்டாம். உங்கள் போனில் உள்ள வீடியோக்களில் நேரம் பதிவாகியிருக்கும். உங்கள் பாடகர் வருவதற்கு முன்பே அங்கே கேமராக்காரர்கள் நின்றார்களா? அவருடைய ஆட்கள் இடத்தை யாரிடமாவது கசியவிட்டார்களா? அப்படியென்றால் அதைத் "திடீர்" வருகை என்று சொல்ல முடியாது. முன்னால் இருந்தவர்கள் அலறிய பிறகும் எத்தனை நிமிடம் கையசைத்தார்? உட்கார்ந்தாரா, பின்னால் போகச் சொன்னாரா? கார் எப்படிக் கிளம்பியது? வேகமாகக் கிளம்பினால் கூட்டம் பின்னாலேயே ஓடும், அது இரண்டாவது ஆபத்து. ஒரு நிமிடத்தில் கவனித்து உள்ளே உட்கார்ந்துவிட்டவரையும், எட்டு நிமிடம் நின்று படம் எடுக்கவிட்டவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அந்தத் தாளில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். "இங்கே இருக்கிறார், ஓடி வாங்க" என்று இடத்தைப் பகிர்ந்தது யார்? அவரைத் திட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. அந்தச் செய்திதான் இருநூறு பேரை இரண்டாயிரம் பேராக்குகிறது, அதனால் கேட்கிறேன். அடுத்த முறை பாடகர் கிளம்பிய பிறகு பகிருங்கள்.

சட்டப்படி என்ன என்றும் உங்களில் சிலர் கேட்பார்கள். அது ஊருக்கு ஊர் மாறும், நீதிமன்றம் பார்க்க வேண்டியது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் நிகழ்ச்சியில் ஏற்பட்ட நெரிசலில் 10 பேர் உயிரிழந்தார்கள். 2023 ஜூனில், அவர் மீது குற்ற வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, முடிவு செய்தது. அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி அதோடு ஓய்ந்துவிடவில்லை. குற்றவாளி இல்லை என்பதும் பொறுப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல.

எழுதி முடித்ததும் உங்களுக்குள் பாதிச் சண்டை அடங்கியிருக்கும், என் அனுபவம் அப்படி. மீதியை அவருடைய நிர்வாகத்துக்குக் கடிதமாக்குங்கள். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடிபட்டவர்களைத் தேடி விசாரிக்க வேண்டும், சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும், இனி இப்படி இறங்குவதற்கு முன் உள்ளூர் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், கூட்டம் நெருங்கினால் காரை விட்டு எழக் கூடாது. இவ்வளவு கேட்டால் போதும். அவரை நேசிப்பவர்களும் கோபமாக இருப்பவர்களும் அதே கடிதத்தில் கையெழுத்துப் போடலாம். அனுப்புவதற்கு முன் அடிபட்ட தோழியிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள்.