பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

கேள்வி: அடுத்த மாதம் டெல்லி போகிற வழியில் சென்னையில் ஏழு மணி நேரம் கிடைக்கிறது. காலை ஏழுக்கு எழும்பூரில் இறங்கி, மதியம் இரண்டரைக்கு சென்ட்ரலில் வண்டி ஏற வேண்டும். கூட மனைவியும் 68 வயது அம்மாவும் வருகிறார்கள். மெரினா, கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம், வண்டலூர், மகாபலிபுரம், தி.நகர் இதையெல்லாம் எந்த வரிசையில் பார்க்கலாம்? மதுரை, தஞ்சாவூர் மாதிரி பழமை ஒன்றும் சென்னையில் கிடையாது, அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: எந்த வரிசையில் போனாலும் முடியாது. மகாபலிபுரம் சென்ட்ரலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வண்டலூர் வேறு ரோடு, தி.நகருக்குள் மனைவியோடு நுழைந்தால் இரண்டரை மணி வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். நானும் ஒரு தடவை என் மைத்துனருக்கு அரை நாளில் ஐந்து இடம் காட்டுகிறேன் என்று கார் பிடித்துக் கிளம்பினேன். அவருக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பது சைதாப்பேட்டை சிக்னல் ஒன்றுதான். கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுவார்.

ஆகவே லிஸ்டைக் கிழித்துப் போடுங்கள். உங்களுக்கு இருக்கும் நேரத்துக்கு ஒரே இடம் போதும். ஜார்ஜ் டவுனும் பக்கத்தில் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டையும். கிட்டத்தட்ட நடக்கிற தூரம்தான்.

எழும்பூரில் இறங்கியதும் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். அங்கே க்ளோக் ரூமில் பெட்டிகளைப் போடுங்கள் (பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், ஊரிலிருந்தே பூட்டு கொண்டு வாருங்கள்). இட்லி சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போகிற தடத்தில் ஏறிவிடாமல் எதிர்ப் பக்கம் ஏறுங்கள். அடுத்த ஸ்டேஷன் உயர் நீதிமன்றம்.

பழமை ஒன்றும் கிடையாது என்கிறீர்கள். தஞ்சாவூரில் பழமை இருநூறு அடிக்கு நிமிர்ந்து நிற்கிறது, யாருக்கும் தெரியும். சென்னையில் அது பெயர்ப் பலகையில் ஒளிந்திருக்கிறது, கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இந்த நீதிமன்ற வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892-இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, அந்த இடத்தில் முன்பு ஊர்க் கோயில் ஒன்று இருந்தது தெரியாது. 1639-இல் ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நாயக்கரிடம் இடம் வாங்கி வந்த பிறகு கோட்டைக்கு வடக்கே ஒரு ஊர் வளர்ந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். திரும்ப வந்த ஆங்கிலேயருக்கு அப்புறம் ஒரே பயம், கோட்டைக்கு எதிரே பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று மிச்சமிருந்த பழைய ஊரையும் இடித்தார்கள். அந்த ஊர்க் கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757-இல் போனது. அதற்குப் பதிலாக இடமும் பணமும் கொடுத்ததில்தான் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவரும் சென்னமல்லீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பட்டணம் கோயில் என்பார்கள். முதலில் அங்கே போங்கள், ஏனென்றால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அம்மாவுக்கு மனசு கேட்காது.

போகிற வழியில் ஆண்டர்சன் தெருவை எட்டிப் பாருங்கள். முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். சிவகாசிக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, விலை விசாரித்து நேரத்தைப் போக்காமல் இருந்தால் சரி.

அடுத்து அரண்மனைக்காரன் தெரு. எந்த ராஜாவின் அரண்மனை என்று கேட்காதீர்கள், அரண்மனையே கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பது நம் ஜனங்கள் வாயில் அப்படி ஆனது. அங்கே ஆர்மீனிய வியாபாரிகளின் தேவாலயம் இருக்கிறது, இப்போதிருக்கும் கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. உள்ளே கல்லறைக் கற்களுக்கு நடுவே ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் படுத்திருக்கிறார். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் அச்சடித்தவர், அதுவும் இந்தச் சென்னையில். பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம், அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவேன். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில். அம்மாவை மண்டபத்து நிழலில் அரை மணி உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றலாம்.

பாரிமுனைக்கு வந்ததும் வடக்கே பாருங்கள், சற்றுத் தள்ளி பீச் ஸ்டேஷன். பீச் எங்கே என்று என் பிள்ளை சின்ன வயதில் அழுதான். ராஜாஜி சாலைக்குப் பழைய பேரே ஃபர்ஸ்ட் லைன் பீச், அலை அவ்வளவு கிட்டே இருந்தது. 1870களில் துறைமுக வேலையை ஆரம்பித்தார்கள். கடலுக்குள் நீட்டிய கல்சுவர் தெற்கேயிருந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்த, மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இன்றைய அகலத்துக்கு வந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்துத் தின்றது. நீங்கள் மெரினாவைப் பார்க்கவில்லையே என்று ஏங்க வேண்டாம், அது உருவான காரணத்தையாவது பார்த்துவிட்டீர்கள்.

நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல்வெட்டு உண்டு, தவறவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சுட்ட குண்டு விழுந்த இடம். உங்கள் ஊரிலும் யாரையாவது "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லியிருப்பார்கள், அந்த எம்டன் இதுதான்.

பதினொன்றரைக்கு ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போய்விடுங்கள், வெயிலில் அம்மாவை நடக்க விடாதீர்கள். வாசலில் சோதனை இருக்கும், தலைமைச் செயலகமும் சட்டசபையும் உள்ளே இருக்கின்றன, ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். 1680-இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்தில்தான் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கு அந்தக் கல்யாணத்தில் அக்கறை இல்லை. அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 காலையில் இதே கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி இருக்கிறது, அதற்கு முன்னால் நின்று பாருங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதனால் டிக்கெட் போடும்போதே நாளைப் பார்த்துப் போடுங்கள். ஞாயிறு என்றால் தெருக்கள் காலியாக இருக்கும், நடக்கச் சுகம், ஆனால் பாதிக் கடை திறக்காது.

ஒன்றரைக்கு சென்ட்ரல். பெட்டியை எடுத்துவிட்டு நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே வால்டாக்ஸ் ரோடு, டீ குடிக்கலாம். ஹைதர் அலி படைக்குப் பயந்து கட்டிய மதிலுக்கு ஊர்க்காரர்களிடம் வரி போடத் திட்டமிட்டார்கள். வரி வசூலாகவே இல்லை, பேர் மட்டும் நின்றுவிட்டது. டீக்கடைக்காரரிடம் காரணம் கேட்டால் வேறு கதை சொல்வார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு மணிக்குள் பிளாட்பாரத்தில் இருங்கள்.