'விண்ட்' என்றால் காற்று மட்டும்தானா? - கேள்வி பதில்

கேள்வி: சார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது 'வைண்ட்', காற்று 'விண்ட்'. ஸ்பெல்லிங் ஒன்றாக இருக்கும்போது உச்சரிப்பு ஏன் மாறுகிறது?

பதில்: ஸ்பெல்லிங்தான் ஒன்று, சொற்கள் இரண்டு. 'வைண்ட்' என்பது சுற்றுவது, முறுக்குவது; இறந்தகாலத்தில் 'வவுண்ட்' ஆகும். காற்றைக் குறிக்கும் சொல் வேறு வேரிலிருந்து வந்தது. லத்தீனில் காற்று 'வென்டுஸ்'. வென்டிலேட்டர் அதிலிருந்து பிறந்தது. சமஸ்கிருத 'வாத'மும் அதே குடும்பம்தான். ஆக, நாம் முடக்குவாதம் என்கிறோமே, அந்த வாதம் விண்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

இன்னொன்று. காற்றையும் ஒரு காலத்தில் 'வைண்ட்' என்றுதான் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் 'விண்ட்' பரவியது. கவிஞர்கள் மட்டும் அதற்குப் பிறகும் 'பிஹைண்ட்', 'கைண்ட்' போன்றவற்றோடு அதை இயைபாக வைத்தார்கள். பழைய ஆங்கிலக் கவிதையில் அடி முடிவு ஒட்டவில்லை என்றால் 'வைண்ட்' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சட்டென்று பொருந்திவிடும்.

கேள்வி: கம்பெனியை 'வைண்டிங் அப்' செய்வது?

பதில்: அது சுற்றும் வினை. கடன்களைத் தீர்த்து, மிச்சத்தைப் பங்கிட்டு, கம்பெனியை மூடுவது. காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: 'கெட் விண்ட் ஆஃப்' என்பதை 'காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன்' என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: பக்கத்தில் வருகிறது, ஆனால் பொருந்தாது. காற்றுவாக்கில் காதில் விழுவது தற்செயல். அது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத் தொடர் வேட்டையிலிருந்து வந்தது. காற்றில் வரும் வாடையை வைத்து, ஆள் நெருங்குவதை மான் கண்டுகொள்கிறதே, அதுதான். மறைத்து வைத்த விஷயம் கசிந்து ஒருவர் உஷாராகும்போதே அதைச் சொல்வார்கள். 'போலீசுக்கு மோப்பம் தட்டிவிட்டது' என்றால் சரியாக இருக்கும்.

கேள்வி: லண்டனில் பேரனைப் பார்க்கப் போயிருந்தபோது, நர்ஸ் குழந்தைக்கு 'விண்ட்' இருக்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை.

பதில்: வயிற்றில் வாயு, அவ்வளவுதான் அம்மா. பால் கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைப்பதையும் பிரிட்டனில் 'விண்டிங்' என்பார்கள். வயிற்று வாயுவை அமெரிக்காவில் 'கேஸ்' என்பார்கள். ஓடிக் களைத்து மூச்சு வாங்குபவர் 'விண்டெட்'. மறுபடி தெம்பு வந்தால் 'செகண்ட் விண்ட்'. மூச்சும் காற்றுதானே.

கேள்வி: 'விண்ட்ஃபால் டாக்ஸ்' என்கிறார்களே?

பதில்: காற்றில் தானாக உதிர்ந்த பழம் 'விண்ட்ஃபால்'. மரம் ஏறாமல் கிடைத்த பழம், அப்புறம் உழைக்காமல் வந்த பணம் என்று பொருள் விரிந்தது. 2022 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது, இந்திய அரசு எண்ணெய் நிறுவனங்களின் எதிர்பாராத லாபத்துக்கு இந்த வரியைப் போட்டது. 2024 டிசம்பரில் நீக்கியது.

கேள்வி: 'பிரீஸ்' என்றால் தென்றல்தானே?

பதில்: எல்லா நேரமும் இல்லை. 1805இல் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வகுத்த காற்று அளவையில் 2 முதல் 6 வரை எல்லாமே பிரீஸ். ஆறாம் படியான 'ஸ்ட்ராங் பிரீஸ்' மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வேகம். குடை பிடிப்பதே சிரமம். அதைத் தென்றல் என்று எழுதினால் தவறு.

கேள்வி: 'வெஸ்ட் விண்ட்' மேற்கு நோக்கிப் போவதா?

பதில்: மேற்கிலிருந்து வருவது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் நாம் சொல்கிறோமே, அதே முறைதான்.

கேள்வி: 'விண்டோ'வில் இருப்பதும் இந்த விண்டா?

பதில்: ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'விந்தௌகா', அதாவது காற்றின் கண். அதுதான் ஆங்கிலத்தில் விண்டோ ஆனது. பழந்தமிழில் சன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஒட்டோ உறவோ இல்லாத இரண்டு மொழிகள், சன்னலைப் பார்த்ததும் வெளிச்சத்தை நினைக்காமல் காற்றை நினைத்திருக்கின்றன.

கேள்வி: லீவ் லெட்டரில் 'ஹெவி விண்ட்' என்று எழுதினேன், டீச்சர் அடித்துவிட்டார். ஏன் சார்?

பதில்: 'ஹெவி' மழைக்கு வரும், காற்றுக்கு வராது. 'ஸ்ட்ராங் விண்ட்' என்று எழுதுங்கள்.