கேளுங்க, சொல்லுதோம்: அணுகுண்டுச் சாவி யார் கையில்?

கேள்வி: அண்ணாச்சி, அமெரிக்க அதிபர் நெனச்சா தனியாளா அணுகுண்டு போட உத்தரவு குடுத்துரலாம்னு சொல்லுதாவ, நெசந்தானா? (வாசகர், நாங்குநேரி)

பதில்: நிஜம்தான். அதிபர் எங்கே போனாலும் ராணுவ அதிகாரி ஒருவர் கறுப்புப் பெட்டியோடு கூடவே போவார். அதற்குள் சிவப்புப் பொத்தான் எதுவும் கிடையாது. தாக்குதல் திட்டத் தாள்களும் தொடர்புக்கான ஏற்பாடும்தான். அதிபரின் அடையாளக் குறியீடு தனி அட்டையில் இருக்கும். அதற்கு 'பிஸ்கட்' என்று செல்லப்பெயர். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனின் அதிகாரி அந்தக் குறியீட்டைக் கேட்டு, பேசுவது அதிபர்தானா என்று சரிபார்ப்பார். உத்தரவு சரியா தப்பா என்பது அவர் கேட்கிற கேள்வி அல்ல.

நிலத்தடி ஏவுதளத்தில் இரண்டு அதிகாரிகள் ஒரே நேரத்தில் சாவி திருப்ப வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் எட்டித் திருப்ப முடியாத தூரத்தில் சாவித்துளைகள் இருக்கும். அடிமட்டத்தில் இவ்வளவு காவல். உச்சியில் ஒற்றை ஆள். 1973-ல் ஹரால்ட் ஹெரிங் என்ற விமானப்படை மேஜர், உத்தரவு போட்ட அதிபர் புத்தி தெளிவோடு இருக்கிறாரா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று பயிற்சியின்போது கேட்டார். பதில் வரவில்லை, வேலைதான் போயிற்று.

இதில் வேடிக்கை, இந்த அதிகாரம் கடிவாளமாகத்தான் தொடங்கியது. நாகசாகிக்கு மறுநாள், 1945 ஆகஸ்ட் 10-ல், தன் உத்தரவில்லாமல் அடுத்த குண்டு போடக்கூடாது என்று அன்றைய அதிபர் ட்ரூமன் தளபதிகளின் கையைக் கட்டினார். பிறகு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்தது. ரஷ்யாவிலிருந்து வந்து விழ அரை மணி நேரம். பக்கத்துக் கடலில் நீர்மூழ்கி நின்றால் அதுவும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கூட்டி விவாதிக்க ஏது நேரம்? அந்தச் சபை முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942-ல். 1973-ல் கொண்டுவந்த போர் அதிகாரத் தீர்மானம், படையை இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும் என்கிறது. அரை மணியில் முடிகிற சண்டைக்கு 48 மணி நேரம்!

கேள்வி: நம்ம நாட்டுல எப்படி? விஜயநாராயணத்துல நிக்க டவருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, வள்ளியூர்)

பதில்: 2003 ஜனவரி 4-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, அணு ஆயுதத்தைப் பயன்படுத்த அனுமதி தரக்கூடியது பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான செயற்குழு விவரம் கொடுக்கும், முடிவை நிறைவேற்றும். தனியாளுக்குக் குழு மேல்தான். ஆனால் இது அமைச்சரவைக் குழுவின் முடிவு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மேலிடம் செயலிழந்தால் உத்தரவிட மாற்று ஏற்பாடு உண்டு என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி வரும். அடுத்த ஆள் யார் என்பது வராது. 'முதலில் பயன்படுத்தமாட்டோம்' என்பது நம் கொள்கை. அப்படியிருக்க, நேரமில்லை என்கிற அமெரிக்கச் சாக்கு நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சட்டமாக்க என்ன தயக்கம் என்று கேட்கலாம்.

நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-ல் தொடங்கிய கடற்படை நிலையம். வேலை, முங்கிக் கிடக்கிற நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. சாதாரண ரேடியோ அலை உப்புத்தண்ணீரில் உடனே செத்துப்போகும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில மீட்டர் இறங்கும். 18 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளமே 16 கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் அத்தனை உயரக் கோபுரம். அதில் பேச்சுக்குரல் போகாது, சுருக்கமான சங்கேத எழுத்துகள்தான் மெதுவாகப் போகும். அதுவும் ஒருவழிதான்: அவ்வளவு பெரிய ஆன்டெனா கப்பலில் ஏது? அணுகுண்டு உத்தரவு அப்படி வந்து, 'இது நிஜ உத்தரவுதானா' என்று திருப்பிக் கேட்க வேண்டுமானால், நீர்மூழ்கி மேலே வந்து ஆன்டெனாவை நீட்டி, இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுதான்.