ஆவணத்தைக் கேளுங்கள்: தகவல் உரிமை பற்றிய கேள்வி பதில்

கேள்வி (தேனி): எங்கள் தெருவில் போட்ட தார்ச்சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், "இது தகவல் ஆகாது" என்கிறார்கள், ஐயா.

பதில்: "ஏன்" என்று கேட்டால் அப்படித்தான் தட்டிக்கழிப்பார்கள். கையிலிருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமை. விளக்கம் எழுதித்தருவது அல்ல. மதிப்பீடு, ஒப்பந்தம், தரச்சோதனை அறிக்கை, பில், எம்.புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) என்று பெயர் சொல்லி நகல் கேளுங்கள். உயிர்நாடி எம்.புக்தான். அதில் தார் கனம் 5 செ.மீ., தெருவில் அளந்தால் 3 செ.மீ. என்றால், அதற்குமேல் வாதமே வேண்டாம். பிரிவு 2(ஜே)-யின்படி பணியைப் பார்வையிடவும், சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அனுமதி கேளுங்கள். பலரும் எழுதாமல் விடும் வரி இது.

கேள்வி (திருச்சி): தகவல் கேட்டு மனுப் போட்டேன். 30 நாள் தாண்டியும் பதில் இல்லை.

பதில்: அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டிய தகவலை இலவசமாகவே தர வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு ஆணையம் அபராதம் போடலாம். தபால் ரசீதைத் தொலைத்தால் தேதியை நிரூபிக்க முடியாது. பல மனுக்கள் அங்கேதான் சாகின்றன.

கேள்வி (சேலம்): தகவலைத் தனியாளாகவே கேட்கலாமே, குழுவாகச் சேர்வது எதற்கு?

பதில்: ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் ஊர்ப் பொதுவிசாரணைகளில் கூலிப்பட்டியலை உரக்க வாசித்தது. தாங்கள் வாங்காத கூலி தம் பெயரில் எழுதப்பட்டிருப்பதை மக்கள் அங்கேதான் கேட்டார்கள். ஒருவர் கையில் வெறும் காகிதமாக இருப்பது ஊர் நடுவே சாட்சியாகிறது. கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை எதிர்த்த வழக்கும் அப்படித்தான்: ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ் ஆகிய தன்னார்வ அமைப்புகள் 2017-ல் தொடுத்தன, 15.2.2024 அன்றுதான் தீர்ப்பு. அத்தனை வருடம் தனியாளால் தாங்க முடியாது.

கேள்வி (மதுரை): நாளிதழ் ஒன்று தவறான செய்தி போட்டது. மறுப்பும் வரவில்லை.

பதில்: முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பிறகு, செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார். செய்தி நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடித நகல், இது பற்றி நீதிமன்றத்தில் வழக்கில்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணையுங்கள். மன்றம் கண்டிக்கும், எச்சரிக்கும். அபராதம் போட அதிகாரமில்லை. பெரிய குறைதான்.

கேள்வி (கோவை): "தனிநபர் தகவல்" என்று மறுக்கிறார்களே?

பதில்: தனிநபர் தகவலை மறுக்க இடம்தரும் பிரிவு 8(1)(ஜே)-யில், பொதுநலன் இருந்தால் தரலாம் என்றிருந்த விலக்கை 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துவிட்டது. இது நமக்குப் பலத்த அடி. ஆனால் பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் எது என்று மனுவிலேயே இரண்டு வரி எழுதுங்கள். பிரிவு 10-ஐக் காட்டி, பெயரை மறைத்துவிட்டு மீதிப் பக்கத்தைத் தரும்படியும் கேளுங்கள்.